கோத்தகிரி அலுவலகத்தில் ஒரு பழைய லேப்டாப்: குழுவின் வேலைப் பலகையை நாமே நடத்துவது

எங்கள் குழுவில் ஒன்பது பேர். கோத்தகிரிக்குப் பக்கத்தில் சோலை மரக் கன்றுகளுக்கு ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறோம். சீகையும் உண்ணிச்செடியும் மண்டிய இடங்களைச் சுத்தம் செய்து அங்கே கன்று நடுவதுதான் வேலை. எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஐப்பசியில் 400 கன்றுகளோடு ஜீப் போய் நின்றது. அங்கே ஒரு குழிகூடத் தோண்டப்படவில்லை. "நான்தான் குரூப்பில் போட்டேனே" என்றார் குழுவில் ஓர் அண்ணன். போட்டிருந்தார். அதற்கு மேல் குட்மார்னிங் படங்களும் ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஏறி உட்கார்ந்திருந்தன.

அதற்கப்புறம்தான் அலுவலகத்திலேயே ஒரு சர்வர் வைத்து, வேலைகளைப் பலகையாகக் காட்டும் மென்பொருளைப் போட்டோம். கணினிப் படிப்பு படித்தவர் எங்களில் யாரும் இல்லை. மென்பொருளை நிறுவ அரை நாள்தான் ஆனது. நாள் எடுத்ததெல்லாம் கரண்ட், பேக்கப், ஆட்களின் பழக்கம் ஆகிய மூன்றும்தான். அதனால் இந்த வழிகாட்டியிலும் அவற்றுக்கே அதிக இடம்.

ஐந்து பேருக்குக் கீழே உள்ள குழு என்றால் இதெல்லாம் வேண்டாம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டுங்கள், போதும்.

சொந்த சர்வர் எதற்கு?

மாதச் சந்தா கட்டினால் கிடைக்கும் சேவைகள் நிறைய இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும். நடவு சமயத்தில் மட்டும் வந்து சேரும் ஆறு பேருக்கும் சேர்த்துக் கட்ட மனசு வராது. நில உரிமையாளர்களின் ஃபோன் நம்பர், சர்வே எண், அளவுப் படம் எல்லாம் எங்கோ இருப்பதும் எங்களுக்கு உறுத்தலாக இருந்தது.

பெரிய காரணம் வேறு. மலையில் இன்டர்நெட் கேபிள் கம்பத்துக்குக் கம்பம், மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டு வருகிறது. காற்றில் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் இரண்டு நாள் லைன் இருக்காது. அந்த இரண்டு நாளும் அலுவலக வைஃபை உயிரோடுதான் இருக்கும். சர்வர் அதே வைஃபையில் இருந்தால், வெளியுலகம் அறுந்தாலும் பலகை திறக்கும். மழை கொட்டும் நாளில் யார் எங்கே போக வேண்டும் என்பதை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும், அன்றைக்குத்தான் பலகை மிகவும் தேவைப்படும்.

முதலில் இரண்டு வாரம் சுவரில்

கணினியைத் தொடாதீர்கள். சார்ட் பேப்பரில் நான்கைந்து பத்திகள் கோடு போட்டு, ஒவ்வொரு வேலையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வேலை நகர நகரச் சீட்டை நகர்த்துங்கள். கன்பான் என்று சொல்லும் முறை இதுதான். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெயர்ப்பலகை என்று பொருள், டொயோட்டா தொழிற்சாலைகளில் வளர்ந்த முறை.

இந்த இரண்டு வாரத்தில்தான் உங்கள் குழுவுக்கு என்ன பத்திகள் தேவை என்று தெரியும். நாங்கள் "செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது" என்று மூன்றோடு தொடங்கினோம். நான்காம் நாளே நாற்றங்கால் அக்கா ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, விதை ஊற வச்சாச்சு. முளைக்க ஒரு மாசம் ஆகும். இதை எங்க ஒட்டறது? நான் செய்யறேனா, செய்யலையா?"

நியாயமான கேள்வி. அன்றைக்கே "காத்திருக்கிறது" என்று ஒரு பத்தி வந்தது. மழைக்குக் காத்திருப்பது, லாரிக்கு, அனுமதிக் கடிதத்துக்கு, முளைப்புக்குக் காத்திருப்பது என்று எங்கள் வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. மென்பொருளோடு வரும் ஆயத்தப் பத்திகளில் இது இல்லை.

எந்த மென்பொருள்?

இலவசமாக, மூலநிரலோடு கிடைப்பவை பல. 2006-இல் வந்த ரெட்மைன் இன்னும் நன்றாக ஓடுகிறது. அதன் வம்சாவளியில் வந்த ஓப்பன்புராஜெக்ட் பெரியது. காலக்கோட்டு வரைபடம், நேரக் கணக்கு, செலவுக் கணக்கு எல்லாம் உண்டு. ஆனால் அதற்குக் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. விகுன்ஜா இலகுவானது, பார்க்கவும் அழகு. கான்போர்டு அதைவிட எளிமை. பிஹெச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, வேலைகளையும் குறிப்புகளையும் எஸ்க்யூலைட் என்ற வகை டேட்டாபேஸில், ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளும்.

நான் முதலில் பெரிய மென்பொருள் ஒன்றைத்தான் போட்டேன். ஒரு வேலையைப் பதிவு செய்ய 14 கட்டங்கள். "வகை", "முன்னுரிமை", "பதிப்பு" என்று கேட்டதும் டிரைவர் அண்ணன் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். ஒரு மாதத்தில் எல்லோரும் வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிட்டார்கள். இரண்டாவது முறை கான்போர்டு. இதை ஆக்கியவரே பராமரிப்பு நிலையில் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதாவது பிழைத் திருத்தங்கள் வரும், பெரிய புது வசதிகளை எதிர்பார்க்கக் கூடாது. எங்களுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. மாதம் ஒரு முறை பட்டன் இடம் மாறினால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது?

கீழே சொல்வது கான்போர்டை வைத்துத்தான். வேறு எதை எடுத்தாலும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

இயந்திரம்

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய லேப்டாப் ஒன்று யாரிடமாவது கிடக்கும். 64 பிட்டாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாம் போடப்போகும் இலவச லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13-ஐ 32 பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது. 4 ஜிபி ராம் தாராளம். உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போடுங்கள், செலவழிக்க வேண்டிய ஒரே இடம் அது. ராஸ்பெரி பையும் போதும்தான். ஆனால் மெமரி கார்டில் ஓடும்போது கரண்ட் பட்டென்று போனால் கார்டு கெட வாய்ப்பு உண்டு.

லேப்டாப்பில் ஒரு சௌகரியம், யூபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். 20 நிமிடம் தாங்கினாலும் நல்லதே. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் யோசிக்காமல் கழற்றிவிடுங்கள். பேட்டரி முழுதும் தீர்ந்து அணைந்துவிட்டால், கரண்ட் வந்ததும் பெரும்பாலான லேப்டாப்கள் தாமாக எழுந்துகொள்ளாது. யாராவது பட்டனை அழுத்த வேண்டும். டெஸ்க்டாப்பில் பயாஸுக்குள் (கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய், கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி வைக்கலாம். அப்போது வெளியே தனி யூபிஎஸ் வேண்டும்.

எல்லோரும் மறப்பது ரவுட்டரை. சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும், ரவுட்டர் அணைந்திருக்கும், பலகை திறக்காது. ரவுட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் கடையில் கிடைக்கிறது. வாங்கும் முன் உங்கள் ரவுட்டர் அடாப்டரின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

வைக்கும் இடத்தையும் யோசித்துச் செய்ய வேண்டும். பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைத்து இரும்பு பீரோவுக்குள் வைத்தோம். மார்கழிக் காலையில் பீரோவின் உள்பக்கம் வியர்த்திருந்தது. திறந்த அலமாரியில், இடுப்புக்கு மேல் உயரத்தில், ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். இரவில் அணைக்க வேண்டாம். ஓடிக்கொண்டே இருந்தால் வரும் அந்தக் கொஞ்சச் சூடே ஈரத்தை அண்டவிடாது. இடி மின்னலுக்கு ஸ்பைக் பஸ்டர் மட்டும் போதாது. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நிறுவும் நாள்

டெபியனைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து நிறுவுங்கள். நிறுவும்போது எந்தெந்த மென்பொருள் தொகுதிகள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் டெஸ்க்டாப் சூழலில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சர்வரை (வேறு கணினியிலிருந்து உள்ளே வந்து கட்டளை கொடுக்கும் வழி) டிக் செய்யுங்கள். கறுப்புத் திரைதான் வரும், பயப்பட வேண்டாம். இனி அந்த லேப்டாப்பின் கீபோர்டை அதிகம் தொடப் போவதில்லை, உங்கள் கணினியிலிருந்தே எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போகலாம்.

முதல் வேலை, மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடாமல் பார்ப்பது. மூடி, பவர் பட்டன் போன்றவற்றைக் கவனிக்கும் லாகின்-டி (logind) என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் (HandleLidSwitch) என்று ஒரு வரி இருக்கும். அதன் முன்னால் உள்ள # குறியை நீக்கி, மதிப்பை இக்னோர் (ignore) என்று மாற்றி, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், தூசி படுகிறதே என்று நல்லெண்ணத்தில் யாராவது மூடியை மூடிய நிமிடத்தில் பலகை காணாமல் போகும்.

அப்புறம் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்த லேப்டாப்புக்கு ஒரு நிரந்தர முகவரியை ஒதுக்குங்கள். எங்களுடையது 192.168.1.50. இல்லாவிட்டால் கரண்ட் வெட்டுக்குப் பிறகு முகவரி மாறி, பலகை எங்கே என்று தேட வேண்டிவரலாம்.

ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டுவது டாக்கர், அந்தப் பெட்டியை எப்படி ஓட்டுவது என்பதை ஒரு கோப்பிலிருந்து படித்துச் செய்வது டாக்கர் கம்போஸ். இரண்டும் டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கின்றன, அங்கிருந்தே நிறுவுங்கள். கான்போர்டின் ஆவணப் பக்கத்தில் ஒரு சின்ன கம்போஸ் கோப்பு கொடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே நகலெடுத்து ஒரு ஃபோல்டரில் வைத்து, மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். முதலாவது போர்ட், அதாவது ஒரே கணினியில் ஓடும் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்: வெளியே 8080, உள்ளே 80 என்று வைத்தால் பின்னால் வேறு எதையாவது அதே கணினியில் ஓட்ட இடம் இருக்கும். இரண்டாவது ரீஸ்டார்ட் வரி: அதை அன்லெஸ்-ஸ்டாப்ட் (unless-stopped) என்று வைத்தால், கணினி எழுந்ததும் கான்போர்டும் தானாக எழும். மூன்றாவது வால்யூம்கள், அதாவது கன்டெய்னருக்கு வெளியே தகவலைச் சேமிக்கும் இடங்கள். டேட்டா, பிளகின் இரண்டுக்கும் பெயரிட்ட வால்யூம் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுப் புதிது வைப்பதுதான் டாக்கரில் அப்டேட். வால்யூம் சரியாக இல்லாவிட்டால் அப்டேட் செய்த அன்று பலகை காலியாக நிற்கும்.

கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து கம்போஸை அப் (up) கட்டளையோடு பின்னணியில் ஓடவிடுங்கள். ஒரு நிமிடம். அலுவலக வைஃபையில் இருக்கும் ஃபோனில் முகவரியையும் போர்ட்டையும் தட்டினால் உள்நுழையும் பக்கம் வரும். பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டுமே அட்மின் (admin), ஆங்கிலச் சின்ன எழுத்தில். உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுவது. டீ குடித்துவிட்டு வந்து மாற்றலாம் என்று விடாதீர்கள்.

அடுத்து அமைப்புகளில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வையுங்கள். விட்டுவிட்டால் யூடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில், ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடும். அதிகாலையில் பதிவு செய்யும் வேலைக்கு முந்தின நாள் தேதி விழும். நாற்றங்காலில் ஐந்து மணிக்கே வேலை தொடங்குபவர்களுக்கு இது பெரிய குழப்பம்.

பலகையை அடுக்குவது

மெனுக்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் பத்திகள், வேலைகள், குறிப்புகள் எல்லாவற்றையும் தமிழில் எழுதலாம். எங்கள் பத்திகள் இவை: எப்போதாவது, இந்த வாரம், கையில், காத்திருக்கிறது, முடிந்தது. "கையில்" பத்திக்கு வரம்பு 6 என்று வைத்திருக்கிறோம். ஏழாவது கார்டு (சுவரில் ஒட்டிய சீட்டுக்குத் திரையில் அதுதான்) வந்தால் கான்போர்டு தடுக்காது, ஆனால் பத்தி நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். அந்த நிறத்தைப் பார்த்து யாராவது "எதையாவது முடிங்கப்பா முதல்ல" என்று சொன்னால் பலகை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒரு கார்டு எப்படி இருக்க வேண்டும்? "நடவு" என்று எழுதினால் அது கார்டு இல்லை. எங்களிடம் இப்போது இருக்கும் ஒன்று:

கீழ்ச்சரிவில் 120 குழி. பொறுப்பு: டிரைவர் அண்ணன். கெடு: வெள்ளி. துணைவேலைகள்: கடப்பாரை இரண்டு எடுத்துப்போவது, ஓடைப் பக்கம் பத்தடி விடுவது, முடிந்ததும் ஃபோட்டோ. குறிப்பு: மேலே காட்டெருமை நிற்கிறது, எட்டு மணிக்கு முன்னால் போக வேண்டாம்.

ஒரு கார்டுக்கு ஒரு ஆள், ஒரு தேதி. இரண்டு பேர் பெயர் இருந்தால் இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். கான்போர்டில் ஒரு வேலைக்குப் பொறுப்பாளராக ஒருவரைத்தான் போட முடியும். குறை என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அது நல்ல குணமாகவே படுகிறது.

இன்னொரு அமைப்பு. "முடிந்தது" பத்திக்குள் இழுத்த கார்டு தானாக மூடப்படாது, அங்கேயே குவியும். புராஜெக்ட் அமைப்பில் தானியங்கிச் செயல்கள் என்ற பகுதியில், அந்தப் பத்திக்கு வந்ததும் வேலையை மூடு என்று ஒரு விதி சேர்த்துவிடுங்கள். மூடிய வேலைகள் அழியாது, தேடினால் கிடைக்கும்.

பயனர்களில் இரண்டு பேருக்கு மட்டும் நிர்வாகி உரிமை. ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் வேண்டுமே. மற்றவர்கள் புராஜெக்ட் உறுப்பினர்கள். ஃபோன் இல்லாதவர்களுக்கும் பாஸ்வேர்டு நினைவில் நிற்காதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: பலகைக்குப் பொது இணைப்பு ஒன்றை இயக்கினால், உள்நுழையாமலே பார்க்கலாம், மாற்ற முடியாது. அதை ஒரு பழைய டேப்லெட்டில் திறந்து நாற்றங்கால் ஷெட்டில் மாட்டிவிட்டோம். காலையில் கையுறை போட்டுக்கொண்டே எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள்.

மின்னஞ்சல் அறிவிப்பும் அமைக்கலாம். எங்கள் குழுவில் மெயில் பார்ப்பவர் ஒருவர்தான், அதனால் விட்டுவிட்டோம்.

வெளியிலிருந்து பார்ப்பது

வெளியூர் போனவர்கள் பலகையைப் பார்க்க ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு காரணங்களால் வேண்டாம். ஒன்று, ஹெச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப் பாதுகாப்பு இல்லாத உள்நுழைவுப் பக்கத்தை ஊருக்கே திறந்துவைப்பது. இரண்டு, பல இணைப்புகளில் அது முடியவே முடியாது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அந்த நிலையில் போர்ட் திறப்பது வீண் வேலை.

டெயில்ஸ்கேல் போடுங்கள். வயர்கார்டு என்ற மறையாக்க முறையின் மேல் ஓடும் தனியார் வலையமைப்பு அது. லேப்டாப்பிலும் ஃபோனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், அந்த ஃபோன் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தாலும் அலுவலகத்துக்குள் இருப்பதுபோல்தான், லேப்டாப்புக்கு டெயில்ஸ்கேல் தரும் முகவரியைத் தட்டினால் பலகை திறக்கும். எல்லோருக்கும் போட வேண்டாம். உண்மையிலேயே வெளியிலிருந்து பார்க்க வேண்டியவர்கள் எங்களில் மூன்று பேர்தான்.

பேக்கப்

அமைப்புகள் பக்கத்தில் டேட்டாபேஸைப் பதிவிறக்க ஓர் இணைப்பு இருக்கிறது. அழுத்தினால் சுருக்கப்பட்ட ஒரு கோப்பு வரும். எங்கள் இரண்டு வருட வேலை முழுவதும் அதில் இருக்கிறது, ஒரு வாட்ஸ்அப் வீடியோ அளவுகூட இல்லை. ஆறு மாதம் அதை மட்டும் வாரா வாரம் எடுத்து வைத்து நிம்மதியாக இருந்தேன்.

பிறகு டிஸ்க் போனது. புது டிஸ்க் போட்டு, டேட்டாபேஸைத் திரும்ப வைத்தேன். கார்டுகள் எல்லாம் வந்தன, குறிப்புகள் வந்தன. ஒரு கார்டில் இணைத்திருந்த நில அளவுப் படத்தைத் தொட்டேன். பெயர் இருந்தது, படம் இல்லை. இணைப்புக் கோப்புகள் டேட்டாபேஸுக்குள் இல்லை. டேட்டா ஃபோல்டருக்குள் ஃபைல்ஸ் என்று தனியாக இருக்கின்றன. அதை நான் ஒருநாளும் நகலெடுக்கவில்லை. இரண்டு நில உரிமையாளர்களிடம் மறுபடி போய், டேப் பிடித்து அளந்துவிட்டு வந்தோம்.

ஆகவே டேட்டா ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்க்யூலைட் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டலாம். இரவு 9 மணிக்குக் கன்டெய்னரை நிறுத்தி, ஃபோல்டரைச் சுருக்கி, மறுபடி தொடங்கும் நான்கு வரி ஸ்கிரிப்டை எழுதி, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டோம். ஒரு நிமிடம்கூட ஆவதில்லை, அந்த நேரத்தில் யாரும் பலகையைப் பார்ப்பதும் இல்லை.

ஒரு நகல் லேப்டாப்பில் செருகிய பென்டிரைவில். இன்னொன்று மலைக்குக் கீழே இருக்க வேண்டும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. 2009 நவம்பரில் இந்தப் பக்கத்துச் சரிவுகளில் வீடுகளே இறங்கின. ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு நகலை இரண்டு என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் இரண்டாவது நகல் ரெஸ்டிக் என்ற கருவி வழியாக, மறையாக்கம் செய்யப்பட்டு, கோயம்புத்தூரில் குழுவைச் சேர்ந்த ஒருவர் வீட்டில் இருக்கும் கணினிக்குப் போகிறது. லைன் இல்லாத நாளில் போகாது, வந்ததும் போய்விடும். ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டைத் தொலைத்தால் அந்த நகலை யாராலும் திறக்க முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், லேப்டாப்புக்குள் வைக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேறு ஒரு கணினியில் அந்த நகலிலிருந்து பலகையை எழுப்பிப் பாருங்கள். எழுந்ததும் நேராக ஓர் இணைப்புப் படத்தைத் திறந்து பாருங்கள்.

அப்டேட்டும் அலமாரிக் காகிதமும்

டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக நிறுவப்படும்படி வைத்துவிடலாம். கான்போர்டைத் தானாக விட வேண்டாம். கம்போஸ் கோப்பில் லேட்டஸ்ட் என்று இருப்பதை மாற்றிக் குறிப்பிட்ட பதிப்பு எண்ணை எழுதுங்கள். புதுப் பதிப்பு வந்தால் பேக்கப் எடுத்துவிட்டு, வேலை குறைவான ஒரு ஞாயிறு மதியம் எண்ணை மாற்றுங்கள். நடவு வாரத்தில் எதையும் தொடாதீர்கள்.

கடைசியாக, இதையெல்லாம் ஒரே பக்கத்தில் கையால் எழுதுங்கள். சர்வரின் முகவரி, எந்தப் பட்டனை அழுத்தினால் ஆன் ஆகும், பேக்கப் எங்கே போகிறது, நிர்வாகிகள் யார் யார். எங்கள் காகிதத்தில் அக்கா பிறகு பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "பச்சை லைட் எரியலைன்னா முதல்ல பிளக்கைப் பாருங்க, அப்புறம் தம்பிக்கு ஃபோன் போடுங்க." அதை எழுதியதிலிருந்து எனக்கு வரும் ஃபோன் பாதியாகக் குறைந்திருக்கிறது.